கேட்டில் நின்ற செய்திகள்

வரிசையாகச் சொல்கிறேன், அம்மணி. வரிசை மாறினால் வழக்கு நிற்காது. உங்கள் டோக்கன் பத்தொன்பது, என்னுடையது பதினேழு. இப்போதுதான் பதின்மூன்றைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேரம் இருக்கிறது.

முதல் அநியாயம், எழுபத்தொன்று. சிங்காநல்லூர் மங்களாம்பிகை மில்லில் என்னைப் பதிலியாக எடுத்தார்கள். பதிலி என்றால் தினமும் மில் கேட்டில் போய் நிற்க வேண்டும். நிரந்தரக்காரன் எவனாவது வராவிட்டால் அவன் இடத்துக்கு உள்ளே விடுவார்கள். எல்லாரும் வந்துவிட்டால் சோற்றுத் தூக்குப்போசியோடு திரும்பி வீட்டுக்கு நடக்க வேண்டியதுதான். அப்படி ஆறு வருஷம் நின்றேன்.

இரண்டாவது, எழுபத்தொன்பது. வருகை பதிகிற டைம் ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டியதாக என்னை நான்கு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரணை அதிகாரி மேனேஜருக்கு மைத்துனர். நோட்டீஸை எழுதியவன் நான்தான். ஒட்டியது நானில்லை. யார் ஒட்டியது என்று விசாரணையில் கேட்டார்கள். நான் சொல்லவில்லை.

மூன்றாவது, எண்பத்துநான்கு. அறுபத்தொரு நாள் வேலைநிறுத்தம். நான் சிறையில் இருந்தேன். எனக்கு ஒரு வார்த்தை தெரிவிக்காமல் எங்கள் சங்கத்து ஆறுக்குட்டி நிர்வாகத்தோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான்.

நான்காவது, தொண்ணூற்றாறு. மில்லையே மூடினார்கள். நூல் நூற்கிற ஸ்பின்னிங் பிரிவு இருந்த இடத்தில் இப்போது நீச்சல் குளம். அடுக்குமாடிக்காரர்கள் குளிக்கிறார்கள்.

ஐந்தாவது இதோ, என் கையில் இருக்கிற இந்தப் போன்.

சிரிக்காதீர்கள், அம்மணி. முதல் நான்கையும் விட இது பெரியது. எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

என் பெயர் மாகாளி. நோட்டீஸ் மாகாளி என்றால் அந்தக் காலத்தில் உப்பிலிபாளையம் வரைக்கும் தெரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. மிச்சப் படிப்பெல்லாம் சங்க நோட்டீஸில் படித்ததுதான். அதனால்தான் இப்படி மேடையில் பேசுகிற மாதிரியே பேசுகிறேன் என்று என் மகள் திலகா குறை சொல்லுவாள். பெங்களூரில் இருக்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் இந்தப் போனை அவள்தான் வாங்கி வந்தாள்.

முதல் நாளே தகராறு. செய்தி அனுப்புகிற செயலியைத் திறந்தால் எடுத்த எடுப்பில் விதிமுறைகளும் நிபந்தனைகளும். கீழே ஒரு பொத்தான், 'ஒப்புக்கொள்கிறேன்'. ஒப்புக்கொள்ளவில்லை என்பதற்குப் பொத்தான் எங்கே என்று கேட்டேன். "அப்பா, சும்மா அமுக்குங்க, ஊரே அமுக்குது" என்றாள். படிக்காமல் கையெழுத்துப் போட்ட ஊரின் கதை எனக்குத் தெரியும் என்றேன். பூதக்கண்ணாடி வைத்து மூன்று நாள் படித்தேன். பதினோரு ஆட்சேபங்கள் எழுதினேன். எந்த விலாசத்துக்கு அனுப்புவது? விலாசமே இல்லை! எந்த முதலாளியாவது விலாசம் இல்லாமல் ஒப்பந்தம் போட்டு நான் பார்த்ததில்லை. கடைசியில் 'ஆட்சேபத்தின் பேரில் சம்மதிக்கப்படுகிறது' என்று நோட்டில் எழுதித் தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுவிட்டுத்தான் பொத்தானை அமுக்கினேன். அந்த நோட்டு இப்போதும் இருக்கிறது.

அதற்குப் பிறகு அவர்கள் சும்மா இருந்தார்களா? இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் இடம் மாற்றுகிறார்கள். வலப்பக்கம் இருந்த பொத்தான் காலையில் எழுந்து பார்த்தால் அடியில் இருக்கிறது. யார் மாற்றினார்? பொதுக்குழு கூடியதா? எனக்கு அறிவிப்பு வந்ததா? கேட்டால் அப்டேட் என்கிறார்கள். லாக்கவுட் என்று மில்லைப் பூட்டியபோதுகூட எங்கள் மேனேஜர் முந்தின நாள் போர்டில் எழுதி வைத்தார், அம்மணி.

ஆனால் ஒன்று. உண்மையைச் சொல்லிவிட வேண்டும். எனக்கு இது பிடித்திருந்தது.

ரொம்பப் பிடித்திருந்தது. பழைய நாளில் ஒரு நோட்டீஸ் என்றால் ஸ்டென்சில் வெட்ட வேண்டும். உருளையில் மை தடவி ஒவ்வொன்றாகச் சுற்றி எடுக்க வேண்டும். பசை காய்ச்ச வேண்டும். மைதாவில் கொஞ்சம் மயில்துத்தம் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் விடிவதற்குள் மாடு நோட்டீஸைத் தின்றுவிட்டுப் போய்விடும். அந்தத் துத்தம் எவ்வளவு போட வேண்டும் என்பது ஆறுக்குட்டிக்குத்தான் தெரியும். நான் எழுதுவேன், அவன் ஒட்டுவான். அவன் ஒட்டினால் சுவரைச் சுரண்டினால்தான் உண்டு.

இதில் அப்படி எதுவும் வேண்டாம். வாயால் சொன்னால் அதுவே எழுதிக்கொள்கிறது. ஒரே அமுக்கு, நூற்று நாற்பத்து மூன்று பேருக்குப் போகிறது. எங்கள் மில்லில் வேலை பார்த்து மிஞ்சியிருக்கிறவர்களுக்கென்று ஒரு குழு ஆரம்பித்தேன். நான்தான் அட்மின். இன்னொரு அதிசயம் கேளுங்கள். யார் படித்தார், எத்தனை மணிக்குப் படித்தார் என்று நீலத்தில் இரண்டு டிக் விழுகிறது! இருபத்தைந்து வருஷம் நோட்டீஸ் எழுதினேன். எவன் படித்தான், எவன் கடலை மடித்தான் என்று எனக்குத் தெரியாது. முதல் நாள் அந்த நீல டிக்குகள் ஒவ்வொன்றாக விழ விழ, திலகா பார்த்துவிடக் கூடாது என்று முகம் கழுவப் போய்விட்டேன்.

காலை ஆறு மணிக்கு மில் சங்குச் சத்தத்தைப் போடுவேன். இணையத்தில் எங்கிருந்தோ ஒரு சங்கு கிடைத்தது, ஏறக்குறைய எங்கள் மில் சங்கு மாதிரியே ஊதும். முதல் நாள் எங்கள் மில்லில் ரீலிங் பிரிவில் இருந்த ராமாத்தாள் பேசி அனுப்பினாள். "தூக்கிவாரிப் போட்டுதுங் தோழர். எந்திரிச்சுப் போசியத் தேடிட்டேன்." அப்படி எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

போன வருஷம் ஆனி மாதம் எவனோ ஆறுக்குட்டியைக் குழுவில் சேர்த்துவிட்டான். காலையில் சங்கு போட்டேன். கீழே ஒரு செய்தி. "வணக்கம் மாகாளி. சங்கு நல்லா ஊதுது. ஆறுக்குட்டி." நான்கே நிமிஷம். எடுத்து வெளியே போட்டேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். என் சொந்தப் பகை இல்லை, சங்க விதி. விதி பதினேழு என்ன சொல்கிறது? சங்கத்துக்கு விரோதமாக நடந்தவரின் பெயரைக் கேட் கூட்டத்தில், சங்கத்தில் சேராத மூன்று சாட்சிகள் முன்னிலையில் உரக்கப் படித்து நீக்க வேண்டும். நீக்கப்பட்டவரோடு உறுப்பினர்கள் பேச்சு வைத்துக்கொள்ளக் கூடாது. திரும்பச் சேர்ப்பதானாலும் அதே முறைதான், மூன்று சாட்சிகள், உரக்கப் படிப்பது. இந்த விதியை எழுதியவன் நான்.

எண்பத்துநான்கில் அவன் பெயரைப் படித்தவனும் நான்தான். டீக்கடை ராவுத்தர், முடி வெட்டுகிற ஐயாவு, ஒன்பதாம் நம்பர் பஸ் கண்டக்டர், மூன்று பேரும் சாட்சி. கேட்டுக்கு முன்னால் நானூறு பேர். அவனும் நின்றான். நான் படிக்க ஆரம்பித்ததும் மைக் கீச்சென்று இரைந்தது. எங்கள் கூட்டங்களுக்கு மைக் ஒயர் வேலை எப்போதும் அவன்தான் பார்ப்பான். அன்றைக்கும் அவனே போய் ஒயரைச் சரிசெய்துவிட்டு, பழையபடி வந்து அதே இடத்தில் நின்றான். நான் படித்தேன்.

ஏன் கையெழுத்துப் போட்டான் என்றுதானே கேட்கிறீர்கள்? எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். ஒப்பந்தத்தில் ஒன்பதாவது ஷரத்து, சிறையில் இருக்கும் கே. மாகாளியை எந்த நடவடிக்கையும் இல்லாமல் திரும்ப வேலைக்கு எடுத்துக்கொள்வது. அதற்காகத்தான் போட்டானாம். நான் கேட்டேனா? நான் இன்னும் அறுபத்தொரு நாள் உள்ளே இருக்கத் தயாராக இருந்தேன். வெளியே இருந்தவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றார்கள், சரி, என் வீட்டில் மட்டும் எரிந்ததா? அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அதே மில்லில்தான் வேலை செய்தேன், அது வேறு விஷயம். பக்கத்து நூற்பு ஃபிரேம் அவனுடையது. ஒரு வார்த்தை பேசவில்லை. விதி என்றால் விதி.

எங்கே விட்டேன்? ஆம், குழுவிலிருந்து எடுத்தேன். அடுத்த நாள் என் தனி எண்ணுக்குக் குரல் செய்தி அனுப்பினான். நான்கு விநாடிதான். "மாகாளி, நாந்தான் ஆறுக்குட்டி. அந்த எழுபத்தொம்பது நோட்டீஸு..." அவ்வளவுதான். பேசும்போது விரலை எடுத்துவிட்டான் போலிருக்கிறது. கிழவன். எண்பத்துநான்கைப் பற்றிப் பேசினாலாவது அர்த்தம் உண்டு. எழுபத்தொன்பதில் அவனுக்கு நான் என்ன குறை வைத்தேன்?

உடனே குழுவில் தீர்மானம் போட்டேன். 'நீக்கப்பட்டவர் நிர்வாகியைத் தொடர்பு கொள்வதைத் தடுக்கலாமா? பத்து நிமிஷத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்கவும்.' காலை பத்தரை மணி. ஒருவரும் ஆட்சேபிக்கவில்லை. ஏகமனதாக நிறைவேறியது. திலகாவிடம் சொன்னால் என்ன சொல்கிறாள் தெரியுமா? "பத்தரைக்கு எல்லாரும் பேங்க்லயும் ஆஸ்பத்திரிலயும்தானப்பா நிப்பாங்க, யாரு போனைப் பாப்பாங்க?" என்கிறாள். பார்க்காவிட்டால் அது அவர்கள் தப்பு.

பிளாக் செய்தேன்.

இங்கேதான் அம்மணி, என்னை ஏமாற்றிவிட்டார்கள். கவனமாகக் கேளுங்கள். எழுபத்தொன்பதில் என்னை நான்கு மாதம் சஸ்பெண்ட் செய்தார்கள் என்றேனே. அந்த நான்கு மாதமும் மில் விலாசத்துக்கு எனக்கு வந்த கடிதம் ஒன்றுகூடத் தொலையவில்லை. டைம் கீப்பர் எல்லாவற்றையும் வந்த தேதி குறித்து நூலில் கட்டி வைத்திருந்தார். திரும்பப் போன அன்றைக்குக் கேட்டிலேயே கட்டாகக் கையில் கொடுத்தார். எதிரியின் டைம் ஆபீஸ்! அவர்களிடமே அந்த நாணயம் இருந்தது. அப்படியிருக்க, பிளாக் என்றால் என்ன என்று நான் நினைப்பேன்? கேட்டில் தடுப்பது என்றுதானே? 'தடுக்கப்பட்டவரின் செய்திகள் உங்களை வந்தடையாது' என்று போட்டிருந்தது. படித்தேன். பூதக்கண்ணாடி வைத்துத்தான் படித்தேன். வந்தடையாது, சரி, கேட்டில் நிற்கும். என்றைக்குத் தடையை எடுக்கிறேனோ அன்றைக்குக் கட்டாக வரும்.

வரட்டும் என்று விட்டுவைத்தேன். எழுதட்டும், பேசட்டும், கெஞ்சட்டும். நிறையச் சேரட்டும். ஒரு நாள் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கேட்பேன் என்று இருந்தேன். தினமும் காலையில் சங்கு போட்டுவிட்டு, இன்றைக்கும் ஒன்று அனுப்பியிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு... சரி விடுங்கள்.

ஒன்பது நாளைக்கு முன்னால் குழுவில் அவன் படத்தை மாலையோடு போட்டிருந்தார்கள். கீழே எண்பத்தாறு கும்பிடு.

அப்போதே தடையை எடுத்தேன். காத்திருந்தேன். போனை அணைத்துப் போட்டேன். ஜன்னலோரம் கொண்டுபோய் வைத்தேன், அங்கேதான் சிக்னல் நன்றாக வரும். ஒன்றுமே வரவில்லை.

அவன் வீட்டுக்குப் போனேன். ஒண்டிப்புதூரில்தான் இருக்கிறார்கள். நாற்பது வருஷத்தில் முதல் முறை. அவன் மனைவி சரசாள் என்னைப் பார்த்ததும் முந்தானையால் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். "உங்களுக்குத்தானுங்க அண்ணா தெனமும் காலைல பேசி அனுப்புவாரு. உங்க சங்கு சத்தத்தக் குழுவுல இருக்கற எவனோ போன்ல அனுப்பி வெப்பான், அதைக் கேட்டுட்டு, காப்பியக் குடிச்சுட்டு உங்ககிட்டப் பேச ஒக்காந்துக்குவாரு. ஒத்தை டிக்குதான் விழுகுதுன்னு சொல்லுவாரு. மாகாளிக்கு நெட்டுப் போடக் காசில்லையாட்ட இருக்குது, பாவம், போட்டா எல்லாம் ஒட்டுக்கா வந்துரும்னு சொல்லுவாரு."

அவனும் கேட்டில் நிற்கிறது என்றுதான் நினைத்திருக்கிறான், பார்த்தீர்களா? ஒரே டைம் ஆபீஸுக்குக் கீழே வேலை பார்த்தவர்கள் அல்லவா?

அவன் போன் எங்கே என்று கேட்டேன். மூன்றாம் நாளே மருமகன் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துப் புதிது வாங்கிவிட்டானாம், எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் கொடுத்தானாம். என்ன பேசுவார் என்று கேட்டேன். "நான் அடுப்படீல இருப்பனுங்க. வாசல்ல ஒக்காந்து பேசுவாரு. சிரிப்பாரு. என்னன்னு நான் கேட்டதில்லீங்க" என்றாள்.

ஆகவே மிச்சம் இருப்பது என் போன் ஒன்றுதான். அதற்குத்தான் இந்தப் போன் ரிப்பேர்க் கடைக்கு வந்திருக்கிறேன். மூன்றாம் தடவை. அந்தக் கவுண்டரில் நிற்கிற ரெஜினா என்ற பெண் இரண்டு தடவையும் வராது, வராது என்றே சொல்கிறாள். எல்லா ஆபீஸிலும் முதலில் அப்படித்தான் சொல்லுவார்கள். மூன்றாம் தடவை போனால் ஃபைலை எடுப்பார்கள். எனக்குத் தெரியாதா?

பதினேழு. கூப்பிடுகிறாள். நீங்களும் வாருங்கள், அம்மணி. ஆளோடு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

"வாங்க ஐயா. மறுபடியும் அதுதானுங்களா?"

அதேதான், கண்ணு. ஒன்றரை வருஷச் செய்தி. கேட்டில் நிற்கிறது. எடுத்துக் கொடு.

"ஐயா, கேட்டும் இல்ல, ஒண்ணும் இல்லீங்க. பிளாக் பண்ணுனா அது உங்களுக்கு வரவே வராது. அப்பறம் எடுத்தாலும் வராது. போனது போனதுதான்."

நிரூபி. வாய்ப்பேச்சு வேண்டாம். இதோ இந்த அம்மணி இருக்கிறார்கள், அந்தப் பெஞ்சில் பரோட்டா மாஸ்டர் இருக்கிறார், எல்லாரும் பார்க்கட்டும்.

"சரி, பாருங்க. எங்க ஓனர் போனு இது. என் நம்பரை இதுல பிளாக் பண்றேன். இப்ப நான் என் போன்ல இருந்து 'சாப்டீங்களா'ன்னு அனுப்பறேன். பாருங்க, ஒத்தை டிக்கு. இப்ப பிளாக்கை எடுத்துட்டேன். வருதான்னு பாருங்க."

பார்க்கலாம். கொஞ்சம் பொறு. டைம் ஆபீஸிலும் உடனே கொடுக்க மாட்டார்கள், கையெழுத்து வாங்குவார்கள். பொறு.

"இன்னும் எவ்வளவு நேரங்க ஐயா பொறுக்கோணும்?"

வெறும் 'சாப்டீங்களா' கூடவா வராது? யார் கையிலும் இல்லையா? எங்கேயாவது எழுதி வைத்திருக்க மாட்டார்களா, இந்தத் தேதியில் இவன் வந்தான், திருப்பி அனுப்பினோம் என்று?

"யாரு கையிலயும் இல்லீங்க ஐயா. கோவிச்சுக்காதீங்க. இருங்க, ஒருக்கா அவரு சேட்டைத் தொறந்து பாத்தர்றேன். அவரு நம்பரை என்ன பேர்ல வெச்சிருக்கீங்க? குடுங்க, நானே பாக்கறேன். ஆறுக்குட்டின்னு ஒண்ணும் காணமே... இதுங்களா? துரோகி?"

சத்தமாகப் படிக்காதே, கண்ணு.

"துரோகின்னுதானுங்க போட்டிருக்குது. ஒரே ஒரு வாய்ஸ் இருக்குது, நாலு செகண்டு."

மாஸ்டர், சிரிக்க வேண்டாம்.

"இல்லீங்க பெருசு, உங்களைச் சிரிக்கல. நம்ம வூட்டுலயும் இந்த மாதிரி ஒருத்தன் இருக்கான். சேவ்தான் பண்ணி வெக்கல."

உங்கள் போனுக்கு என்ன வியாதி? சார்ஜர் ஓட்டைக்குள் மைதா மாவா? காய்ந்துவிட்டதா? குண்டூசியால் நோண்டினாலும் வராது, மாஸ்டர். அதன் பிடி எனக்குத் தெரியும். ஒரு சொட்டு வெந்நீர் பட்டால்தான் விடும். போனில் வெந்நீர் ஊற்ற முடியாதே.

ரெஜினா, அந்தப் பெயரை எடுத்துவிட முடியுமா?

"எடுத்தறலாமுங்க. வேற என்ன பேரு போடட்டும்?"

இரு. அப்படிச் சும்மா போட முடியாது. அதற்கு முறை இருக்கிறது. அம்மணி, நீங்கள் எந்த மில்லிலாவது வேலை செய்திருக்கிறீர்களா? இல்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்றீர்கள், நல்லது. மாஸ்டர், நீங்கள்? பரோட்டாக் கடை. எந்தச் சங்கமும் கிடையாது? அதைப் பற்றி அப்புறம் பேச வேண்டும். ரெஜினா, நீ மூன்று. போதும், மூன்று பேர்தான் விதி.

கேட் இல்லை, அதை இடித்துவிட்டார்கள். இந்தக் கவுண்டர் போதும். கொஞ்சம் எழுந்து நில்லுங்கள் மாஸ்டர், முட்டி வலித்தால் வேண்டாம். அந்த ஃபேனை நிறுத்து, கண்ணு, இரைகிறது. சத்தம் போகாது. மைக் இருந்தால் அவனே வந்து... சரி.

நான் சொல்லச் சொல்ல நீ எழுது. எழுத்து ஒவ்வொன்றும் சரியாக இருக்க வேண்டும்.

மங்களாம்பிகை மில் தொழிலாளர் சங்கம். விதி பதினேழு. ஸ்பின்னிங் பிரிவு, உறுப்பினர் எண் நாற்பத்தொன்று. எழுபத்தொன்பதில் டைம் ஆபீஸ் சுவரில் நோட்டீஸ் ஒட்டியவர்.

தோழர் பி. ஆறுக்குட்டி.